விரல் நுனியில் எழுபத்தொரு வயது

அத்தியாயம் 6

“என் வயசைத் திருடிட்டாங்க மேடம்” என்றார் வந்தவர், நாற்காலியில் உட்காருவதற்கு முன்பே.

தந்தி சிரிப்பை அடக்கப் பார்த்தான். முடியாமல் போகவே அதை இருமலாக மாற்றி, தண்ணீர் குடிக்கிற சாக்கில் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். காதில் விழுகிற எந்தச் சேதியும் அடுத்த நிமிடமே நாலு பேருக்குப் போய்ச் சேர்ந்துவிடும் என்பதால் வீட்டார் அவனுக்கு வைத்த பெயர் அது. துப்பறியும் ஆபீஸில் வேலை பார்க்க இதைவிடப் பொருத்தமில்லாத தகுதி வேறு கிடையாது. ஆனால் ஆபீஸின் முதலாளி அவனுடைய சொந்த அண்ணி. பதினாறு வருடம் இன்சூரன்ஸ் கம்பெனிக்காகப் பொய்யான விபத்துகளைக் கண்டுபிடித்துக் கொடுத்துவிட்டு, ஜெராக்ஸ் கடைக்கு மேலே சொந்தமாகக் கடை விரித்தவள். கொழுந்தனை வீட்டில் சும்மா வைத்திருப்பதைவிட இங்கே வைத்திருப்பது வீட்டுக்கு நல்லது என்பது அவள் கணக்கு.

“எத்தனை வயசு காணாமப் போச்சு?” என்று அண்ணி முகத்தை மாற்றாமல் கேட்டாள்.

“இருபத்திநாலு. எனக்கு நாப்பத்தியேழு. இதைப் பாருங்க.”

மேஜை மேல் ஒரு தாளை வைத்தார். கட்டுமானக் கம்பெனி தன் ஆட்களுக்கு எடுத்த உடல் பரிசோதனை. விரலில் கிளிப் மாட்டி, வெளிச்சம் பாய்ச்சி, ரத்தக் குழாய் எப்படி இருக்கிறது என்று பார்க்கிற மெஷின். தாளின் நடுவில் பெரிய எழுத்தில், ரத்தக் குழாய் வயது: 71.

வந்தவர் கிரேன்காரர். பத்தொன்பது வருடமாக டவர் கிரேனின் உச்சியில் உட்கார்ந்து இரும்பையும் கான்கிரீட்டையும் பூப்போல இறக்கி வைக்கிற மனிதர். சிகரெட் இல்லை, குடி இல்லை, தினம் ஆறு கிலோமீட்டர் நடை. முந்தாநாள் காலையில் விரலை நீட்டினார், சாயங்காலமே கிரேனிலிருந்து இறக்கிவிட்டார்கள்.

“என் மச்சான் ரிப்போர்ட்ல எவ்வளவு தெரியுமா? இருபத்தொம்பது! என் வீட்டுக்காரியோட தம்பி. எனக்கு அடுத்த ஆபரேட்டர். மூணு மாடி ஏறினா நாலு தடவை நிப்பான். அவனுக்கு இருபத்தொம்பது, எனக்கு எழுபத்தொண்ணு. ரிப்போர்ட்டை மாத்திட்டான் மேடம். எல்லார் முன்னாடியும் கேட்டுட்டேன், திருட்டுப் பயலேன்னு.”

“அவர் என்ன சொன்னார்?”

“ஒண்ணும் சொல்லல. தலையைக் குனிஞ்சுக்கிட்டான். அதுவே போதாதா? ரெண்டு நாளா என் வீட்டுக்காரி என்கூடப் பேசறதில்ல. தட்டை வைக்கிற சத்தத்துலதான் சாப்பாடு ரெடின்னு தெரிஞ்சுக்கறேன்.”

“இன்னைக்கு ஏன் இவ்வளவு அவசரமா வந்தீங்க?”

கிரேன்காரர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். மணி ஒன்றே கால். “நாலு மணிக்கு அவன் மேல ஏறறான். ஏறி உக்காந்துட்டா இந்தக் கட்டடம் முடியற வரைக்கும் அந்த சீட்டு அவனுக்குத்தான். நான் கீழ நின்னு கொடி காட்டணும்.” குரல் கொஞ்சம் இறங்கியது. “இன்னொண்ணும் இருக்கு. எழுபத்தொண்ணுன்னு படிச்சதுல இருந்து எனக்கு நெஞ்சு வலிக்கிற மாதிரியே இருக்கு. நிஜமாவே வலிக்குதா, படிச்சதால வலிக்குதான்னு தெரியல.”

அண்ணி எழுந்து வந்து அவருடைய மணிக்கட்டைப் பிடித்தாள். தன் கைக்கடிகாரத்தை ஒரு நிமிடம் முழுசாகப் பார்த்தாள். பிறகு தாளின் அடியில், யாரும் கவனிக்காத பொடி எழுத்தில் இருந்த ஒரு வரியைத் தொட்டாள்.

“நாடித் துடிப்பு ஐம்பத்தாறுன்னு போட்டிருக்கு. இப்ப எண்ணினேன், ஐம்பத்தெட்டு. தினம் நடக்கிறவங்களுக்குத்தான் உக்காந்திருக்கும்போது இவ்வளவு மெதுவா துடிக்கும். மச்சான் ரிப்போர்ட்ல எவ்வளவு?”

கிரேன்காரர் போனில் இருந்த படத்தைப் பெரிதாக்கினார். “நூத்திநாலு.”

“அப்ப யாரும் எதையும் மாத்தல. எழுபத்தொண்ணு போட்ட தாள் உங்களோடதுதான்.”

அவர் முகம் பேயறைந்த மாதிரி ஆகிவிட்டது. தந்திக்கே பாவமாக இருந்தது. கட்சிக்காரருக்கு ஆதரவாக ஏதாவது கண்டுபிடிப்பாள் என்று பார்த்தால், அண்ணி அவர் தலையில் கல்லைத் தூக்கிப் போட்டுவிட்டாள்.

“பயப்படாதீங்க. ரிப்போர்ட் உங்களோடதுன்னுதான் சொன்னேன். சரியான ரிப்போர்ட்னு சொல்லலியே” என்றாள் அண்ணி, பையைத் தோளில் மாட்டிக்கொண்டே. “தந்தி, வண்டியை எடு.”

கட்டுமான இடத்தின் வாசலை ஒட்டி ஒரு கன்டெய்னர் பெட்டி. அதற்கு ஜன்னலும் கதவும் வெட்டி, முதலுதவி அறை என்று பெயிண்டில் எழுதியிருந்தார்கள். உள்ளே ஒரு கட்டில், ஒரு மேஜை, மேஜை மேல் டிபன் பெட்டி அளவுக்கு ஒரு மெஷின். மெஷினுக்குப் பின்னால் ஒரு டெக்னீஷியன் பெண், விட்டுப்போன ஆட்களுக்காக இன்று சாயங்காலம் வரை அங்கேயே இருப்பவள். அண்ணியைப் பார்த்ததும் அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். தப்பு செய்தவர்கள் உட்காருகிற மாதிரியும் இருந்தது, தப்பு செய்துவிட்டோமோ என்று பயப்படுகிறவர்கள் உட்காருகிற மாதிரியும் இருந்தது.

வழியில் வாங்கிய ஐஸ் சோடா பாட்டிலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு தந்தி கதவோரம் நின்றான். சேஃப்டி ஆபீஸரும் உள்ளே வந்து சேர்ந்தார். இஸ்திரி கலையாத சட்டை, தலையில் வெள்ளை ஹெல்மெட், கையில் ஃபைல். சட்டதிட்டத்தை விட்டு ஒரு அங்குலம் நகரமாட்டார் என்பது பார்த்தாலே தெரிந்தது.

“மெஷின் பொய் சொல்லாதுங்க மேடம்” என்றார்.

“சொல்லாது. ஆனா நாம கேக்காத கேள்விக்கும் பதில் சொல்லிட்டுப் போயிடும்” என்றாள் அண்ணி. “முந்தாநாள் டெஸ்ட் எடுத்த எல்லாரோட லிஸ்ட்டும் வேணும்.”

லிஸ்ட் வந்தது. அண்ணி பென்சிலை எடுத்து ஒவ்வொரு ஆளையும் காட்டி, “இவர் எங்க வேலை செய்யறார்?” என்று கிரேன்காரரைக் கேட்டாள். அவர் சொல்லச் சொல்ல, அவள் ஓரத்தில் மாடி எண்ணைக் குறித்தாள். கேன்டீன் மாஸ்டர், தரைத்தளம், இருபத்திரண்டு. கீழே கொட்டகையில் வெல்டிங் செய்யும் இருவர், இருபத்தாறு, முப்பத்தொன்று. ஒன்பதாவது மாடி பூச்சுவேலைக்காரர்கள், நாற்பத்தெட்டு, ஐம்பத்திரண்டு. பதினெட்டாவது மாடியில் சாரம் கட்டுகிற இரண்டு பேர், அறுபத்தாறு, அறுபத்தொன்பது. எல்லாருக்கும் மேலே, கிரேன்காரர்.

தந்தி அவள் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தான். “என்ன அண்ணி இது, லிஃப்ட் பட்டன் மாதிரி இருக்கு. மேல போகப் போக நம்பர் ஏறுது.”

“அதேதான்” என்றாள் அண்ணி. அவளுடைய மூக்கு நுனி லேசாக வியர்த்திருந்தது. விஷயம் பிடிபட்டால் அவளுக்கு அப்படித்தான்.

“கேன்டீன் மாஸ்டருக்கு இருபத்திரண்டா?” கிரேன்காரர் கொதித்தார். “அந்த ஆள் குனிஞ்சு செருப்பு மாட்டறதுக்கே ஒருத்தர் துணைக்கு வேணும்!”

“முந்தாநாள் காலையில வானம் எப்படி இருந்துச்சு?”

“விடிஞ்சதுல இருந்து தூறல். மேல காத்து வேற. கிரேன் ஏணி மொத்தமும் இரும்பு. பிடிச்சு இறங்கி வர்றதுக்குள்ள விரல் மரத்துப் போச்சு. நேரா இங்க வந்து விரலை நீட்டினேன்.”

டெக்னீஷியன் பெண்ணின் முகம் வெளுத்தது. அண்ணி அவள் பக்கம் திரும்பினாள். அதட்டவில்லை. அண்ணி அதட்டாமல் கேட்டால்தான் எதிராளிக்கு அதிகமாக நடுங்கும். இது தந்திக்கு வீட்டிலேயே தெரிந்த உண்மை.

“அந்த மெஷினோட பெட்டியைக் காட்டும்மா.”

பெட்டியில் ஒரு சின்னக் கையேடு இருந்தது. பக்கத்தில் விரல் சூடு பார்க்கிற குட்டித் தெர்மாமீட்டர், கடையிலிருந்து வந்த பிளாஸ்டிக் உறை பிரிக்கப்படாமல்.

“பத்து நிமிஷம் உக்கார வெச்சு, கை வெதுவெதுப்பா இருக்கான்னு பார்த்துட்டுத்தான் எடுக்கணும்” என்று அந்தப் பெண் தானாகவே சொன்னாள். கண் கலங்கியிருந்தது. “குளிர்ந்தா தோல்ல இருக்கிற சின்னச் சின்னக் குழாயெல்லாம் சுருங்கிக்கும் மேடம். ரத்தம் உள்ளே பதுங்கிடும். வெளிச்சம் போய்ப் பார்க்கும்போது துடிப்போட அலை விறைப்பா தெரியும். வயசானவங்க குழாய் மாதிரி. எனக்குத் தெரியும். ஆனா ரெண்டு மணி நேரத்துல நாப்பது பேரை முடிக்கச் சொன்னாங்க. பத்து நிமிஷத்துக்கு எங்க போவேன்?”

சொன்னது யார் என்று யாரும் கேட்கவில்லை. சேஃப்டி ஆபீஸர் திடீரென்று ஃபைலில் எதையோ தேட ஆரம்பித்தார்.

“தந்தி, விரலை நீட்டு.”

“நானா? நான் சாட்சி அண்ணி, தடயம் இல்ல.”

“நீட்டுடா.”

சோடாவைக் கீழே வைத்துவிட்டு நீட்டினான். கிளிப் கவ்வியது. சிவப்பு வெளிச்சம் நகத்தின் வழியாகத் தெரிந்தது. கொஞ்ச நேரத்தில் தாள் வந்தது. அறுபத்துநாலு.

முப்பத்தொரு வயசுத் தந்தி, காரணம் தெரிந்திருந்தும், தாளைத் தலைகீழாகத் திருப்பிப் பார்த்தான். “எனக்கு இன்னும் கல்யாணமே ஆகல. பொண்ணு வீட்டுல இந்தத் தாளைப் பார்த்தா, மாப்பிள்ளையோட அப்பா வந்திருக்கார்னு நினைப்பாங்க.”

அண்ணி கேன்டீனிலிருந்து டீ வரவழைத்தாள். டம்ளரை மாற்றி மாற்றிப் பிடித்துக்கொண்டு பத்து நிமிடம் உட்கார்ந்தான். வாழ்க்கையில் அவன் இத்தனை பக்தியாக டீ குடித்ததில்லை. மறுபடி விரலை நீட்டியபோது இருபத்துநாலு வந்தது.

“நாப்பது வருஷத்தை ஒரு டீயில குறைச்சுட்டேன்” என்று தந்தி தாளைத் தூக்கிக் காட்டினான். “இதைப் பாட்டில்ல அடைச்சு வித்தா நான் இந்த ஆபீஸ்லயே இருக்க மாட்டேன்.”

“குடிச்சதுக்குக் குறையல. பிடிச்சதுக்குக் குறைஞ்சது” என்றாள் அண்ணி. “அதுவும் உன் நிஜ வயசைவிட ஏழு கம்மி. ரொம்பச் சந்தோஷப்படாத. சூடான கையும் மெஷினை ஏமாத்தும்.”

அடுத்தது கிரேன்காரர். வெந்நீர்ப் பாத்திரத்தில் கையை வைத்து, துடைத்து, தெர்மாமீட்டரால் பார்த்து, பிறகு கிளிப் மாட்டினார்கள். முப்பத்தெட்டு. அந்தத் தாளை அவர் இரண்டு கையாலும் வாங்கினார். பள்ளிக்கூடத்தில் முதல் மார்க் வாங்கிய பையன் மாதிரி அதை மூன்று தடவை படித்தார். நெஞ்சைத் தடவிப் பார்த்துக்கொண்டு, “வலி போயிடுச்சு” என்றார், கொஞ்சம் வெட்கத்தோடு.

“ரொம்ப சந்தோஷம்” என்றார் சேஃப்டி ஆபீஸர். “ஆனா ரீடெஸ்ட்டை நான் இன்னைக்கு ஏத்துக்க முடியாது. தலைமை ஆபீஸ் கையெழுத்து வேணும். நாளைக்குப் பார்க்கலாம். இன்னைக்கு நாலு மணிக்கு லிஸ்ட்ல பாஸ் ஆனவர்தான் ஏறுவார்.”

“ஒரு நாள்தானே, விடுங்க சார்” என்று தந்தி கிரேன்காரரின் தோளைத் தட்டினான். “கேஸ் முடிஞ்சுது. குற்றவாளி, மழை. ஆளைப் பிடிக்க முடியாது, ஆனா அடையாளம் தெரிஞ்சுபோச்சு.”

அவன் கிளம்பத் தயாராகிவிட்டான். அண்ணி அசையவில்லை. பென்சில் லிஸ்ட்டில் ஒரே இடத்தில் நின்றிருந்தது. மணி மூன்றரை.

“சார், முந்தாநாள் உங்க மச்சான் எங்க வேலை பார்த்தார்? கீழயா?”

“இல்லையே. காலை ஷிஃப்ட், ரெண்டு பேரும் மேலதான். எனக்குப் பத்து நிமிஷம் முன்னாடி அவன் இறங்கினான்.”

“அதே ஏணி?”

“ஒரே ஏணிதான் இருக்கு.”

“அதே மழை. அதே இரும்பு. அப்ப அவருக்கு மட்டும் எப்படி இருபத்தொம்பது வந்துச்சு? மேல இருந்து வந்த எல்லாரும் கிழவங்க. ஒருத்தர் மட்டும் வாலிபர்.” அண்ணி டெக்னீஷியனைப் பார்த்தாள். “அவர் கையை யாரோ சூடு பண்ணியிருக்காங்க.”

கிரேன்காரரின் கண்ணில் பழைய நெருப்பு மறுபடி பற்றியது. “பார்த்தீங்களா? நான் அப்பவே சொன்னேன், அவன் ஏதோ தில்லுமுல்லு...”

“அவரு ஒண்ணும் பண்ணல சார்” என்றாள் டெக்னீஷியன் பெண். “குடும்பத்துல ஒருத்தர் சாட்சிக் கையெழுத்துப் போடணும்னு சொல்லியிருந்தோம்ல, அதுக்கு ஒரு அக்கா வந்திருந்தாங்க. இவர் அப்ப இன்னும் ஏணியில இறங்கிட்டு இருந்தார். அந்த அக்கா கூடையில இருந்து வெந்நீர் ஃபிளாஸ்க்கை எடுத்து, மூடியில ஊத்தி, துணியால சுத்தி அவர் கையில கொடுத்தாங்க. தன் கையையும் மேல வெச்சுப் பொத்திக்கிட்டாங்க. டேர்ன் வர்ற வரைக்கும் விடவே இல்ல.”

கிரேன்காரர் முகத்தில் கோபம் எங்கே போய் நிற்பது என்று தெரியாமல் தடுமாறியது. அந்த அக்கா அவருடைய மனைவிதான்.

அவள் வெகுதூரத்தில் இல்லை. தம்பி முதல் தடவையாகப் பெரிய கிரேனின் பொறுப்பை ஏற்று ஏறுவதைப் பார்க்க வாசலிலேயே வந்து நின்றிருந்தாள். புருஷனைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அண்ணி நேராக அவளிடம் போனாள். தந்தியும் சேஃப்டி ஆபீஸரும் பின்னாலேயே ஓடினார்கள்.

“அக்கா, ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். முந்தாநாள் உங்க தம்பி கையை ஏன் சூடு பண்ணினீங்க?”

“அது ஒரு குத்தமா?” என்று அவள் சீறினாள். பிறகு அண்ணியின் முகத்தைப் பார்த்துக் குரல் தணிந்தது. “கை ஐஸ் மாதிரி இருந்துச்சும்மா. சின்ன வயசுல ஸ்கூல் பரீட்சைக்குப் போகும்போதும் அவனுக்குக் கை இப்படித்தான் ஆகும். நான்தான் பிடிச்சுத் தேய்ச்சு விடுவேன். அவனுக்கு எல்லாத்துக்கும் பயம். அன்னைக்கு ரொம்பவே பயந்துட்டான். அந்தக் குளிர்ல வேர்த்துக் கொட்டுது.”

“வேர்த்துச்சா? மழையில நனைஞ்சது இல்லையே?”

“துடைச்சுவிட்டேன், திரும்பத் திரும்ப வந்துச்சு. தாடையை வேற பிடிச்சுக்கிட்டே இருந்தான். கேட்டா பல்வலின்னான்.”

பதினாறு வருடம் இன்சூரன்ஸ் ஃபைல்களில் இறந்துபோனவர்களின் கடைசி நாட்களைப் படித்தவள் அண்ணி. அவள் முகத்தில் விளையாட்டெல்லாம் வடிந்துபோனதைத் தந்தி பார்த்தான். மூன்று மாடி ஏறினால் நாலு தடவை நிற்கிறவர். சும்மா உட்கார்ந்திருக்கும்போது நூற்றுநாலு துடிப்பு. குளிரில் வியர்வை, தாடையில் வலி. பாதி மத்தியானத்திலிருந்தே அவர்கள் காதில் விழுந்துகொண்டுதான் இருந்தது. இருபத்தொன்பது என்ற நம்பர் அத்தனையையும் மூடிவைத்திருந்தது.

“அவர் இப்ப எங்கே?”

அக்கா கையை மேலே காட்டினாள். “கான்கிரீட் வண்டி சீக்கிரம் வந்துடுச்சாம். இப்பத்தான் ஏறினான்.”

கட்டடத்திலிருந்து விலகித் தனியாக நின்ற கிரேன் கம்பத்துக்குள், ஏணியில், பாதிக்கும் மேலே, ஆரஞ்சு சட்டை ஒன்று தெரிந்தது. அது நகரவில்லை. அவர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, ஏணிக்கு நடுநடுவே இளைப்பாற வைத்திருந்த இரும்புத் தட்டு ஒன்றில் மெல்ல உட்கார்ந்தது.

சேஃப்டி ஆபீஸரின் வாக்கிடாக்கியை அண்ணி பிடுங்கினாள். கூப்பிட்டாள். பதிலாக மூச்சு மட்டும் வந்தது. பிறகு, “கொஞ்சம் இருங்க... வாய்வுதான்... போயிடும்” என்று ஒரு குரல்.

“அசையாதீங்க. உக்காந்தே இருங்க” என்றாள் அண்ணி. “தந்தி, ஆம்புலன்ஸ்!”

அவள் சொல்வதற்குள் தந்தி போனைக் காதில் வைத்திருந்தான். சேதி சொல்வதில் அவனை அடிக்க ஆளில்லை. திரும்பிப் பார்த்தபோது கிரேன்காரர் ஹெல்மெட்டைக் கவிழ்த்துக்கொண்டு ஏணியடியில் நின்றிருந்தார்.

“அந்தக் குறுகல் ஏணியில ஆளைத் தூக்கிட்டு இறங்க முடியாது” என்றார். “ஆளைத் தூக்கற கூண்டு இருக்கு. நான் உச்சிக்குப் போய் கிரேன்ல இறக்கறேன். அவன் பக்கத்துல இருந்து கூண்டுக்குள்ள ஏத்த ரெண்டு பேர் வேணும்.”

சாரம் கட்டுகிற இருவரும் யாரும் கூப்பிடாமலே வந்து நின்றார்கள்.

“ரிப்போர்ட் படி நீங்க மூணு பேருமே மேல ஏறக்கூடாது...” என்று சேஃப்டி ஆபீஸர் ஆரம்பித்தார். பிறகு அவருக்கே அது காதில் விழுந்தது. ஃபைலைச் சேற்றில் போட்டுவிட்டு, கூண்டின் கொக்கியை எடுக்க ஓடினார்.

எழுபத்தொன்றும் அறுபத்தொன்பதும் அறுபத்தாறும் ஏணியில் ஏறின. மொத்தம் இருநூற்றாறு வயது, நிமிடத்துக்கு ஒரு தட்டு என்ற வேகத்தில் மேலே போனது. தந்தி அதை வாய்விட்டுச் சொல்ல நினைத்தான். பக்கத்தில் அக்கா முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு நின்றிருந்தாள். சொல்லவில்லை.

வாக்கிடாக்கியில் கிரேன்காரரின் குரல் கேட்டது. தட்டை அடைந்துவிட்டார். “மச்சான். டேய். கண்ணைத் திறந்து என்னைப் பாரு. நான்தான்.”

“அத்தான்... நான் எதையும் மாத்தல...”

“தெரியும்டா. பேசாத. இவங்க ரெண்டு பேரும் உன்கூட இருப்பாங்க. நான் மேல போறேன்.”

மிச்சமிருந்த தட்டுகளை அவர் எப்படி ஏறினார் என்று கீழே இருந்தவர்கள் யாராலும் சரியாகச் சொல்ல முடியவில்லை. கிரேனின் நீண்ட கை மெதுவாகத் திரும்பியது. கூண்டு தரையை விட்டு எழுந்து, கம்பத்தை ஒட்டி நேராக மேலே போனது. காற்று அடித்துக்கொண்டிருந்தது, கட்டடத்தின் தார்ப்பாய்கள் படபடத்தன. சாரக்காரர்கள் கூண்டைக் கயிற்றால் இழுத்துப் பிடித்து, ஆளை உள்ளே கிடத்தி, கையைத் தூக்கிக் காட்டினார்கள். கூண்டு இறங்கத் தொடங்கியது. அங்கே நின்ற அத்தனை பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். கூண்டின் அடிப்பாகம் மண்ணைத் தொட்டதுகூடத் தந்திக்குத் தெரியவில்லை. அக்கா ஓடியதைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டான்.

ஆஸ்பத்திரியின் வராந்தாவில் ஆறு மணி வெயில் சாய்ந்து விழுந்தது. இதயத்துக்குப் போகும் குழாயில் அடைப்பு, எடுத்துவிட்டோம், இன்னும் ஒரு மணி நேரம் தாமதித்திருந்தால் எங்கள் கையில் இல்லை என்று டாக்டர் சொல்லிவிட்டுப் போனார். அந்த ஒரு மணி நேரமும் மச்சினன் கிரேன் உச்சியின் கேபினில் தனியாக உட்கார்ந்திருந்திருப்பான் என்பதை யாரும் சொல்லிக் காட்டவில்லை.

அக்கா பெஞ்சில் அண்ணிக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். “ஒண்ணு கேக்கறேன், மறைக்காம சொல்லணும். அன்னைக்கு நான் கையைச் சூடு பண்ணாம விட்டிருந்தா, மெஷின் கண்டுபிடிச்சிருக்குமா? என்னாலதான் இப்படியா?”

தந்தி அண்ணியைப் பார்த்தான். அண்ணி ஆறுதலுக்காகப் பொய் சொல்கிறவள் இல்லை.

“கண்டுபிடிச்சிருக்காது” என்றாள் அண்ணி. “குளிர்ந்த கையோட அவரும் ஃபெயில் ஆகியிருப்பார். இன்னைக்கு நான் வந்து மழைதான் காரணம்னு சொல்லியிருப்பேன். எல்லார் கையையும் சூடு பண்ணி மறுபடி எடுத்திருப்பாங்க. அவரும் பாஸ். நாளைக்கோ மறுநாளோ மேல ஏறியிருப்பார். அப்ப சந்தேகப்பட்டு கீழ நிக்க யாரும் இருந்திருக்க மாட்டோம். நீங்க கையைப் பிடிச்சதாலதான் அந்த லிஸ்ட்ல அவர் ஒருத்தர் மட்டும் தனியாத் தெரிஞ்சார். வேர்த்ததும் உங்க கைக்குத்தான் தெரிஞ்சுது, மெஷினுக்கு இல்ல.”

அக்கா முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். ரொம்ப நேரம் அழுதாள். அண்ணி பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள்.

கிரேன்காரர் வராந்தாவின் அந்தக் கோடியில், சுவரைப் பார்த்து நின்றுகொண்டிருந்தார். உள்ளே போகச் சொல்லி நர்ஸ் இரண்டு தடவை கூப்பிட்டுவிட்டாள். அவருக்குக் கால் வரவில்லை.

“போங்க சார்” என்றான் தந்தி.

“எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டுப் போறது? நாப்பது பேர் முன்னாடி திருடன்னு சொன்னேன் தம்பி. பத்து வருஷமா பயந்தாங்கொள்ளின்னு சொல்லிச் சொல்லியே, அவன் வலிக்குதுன்னு சொல்லக்கூட வாயைத் திறக்காமப் பண்ணிட்டேன்.”

தந்தி அவர் தோளில் கைபோட்டுக் கதவு வரை கூட்டிக்கொண்டு போனான். கதவு பாதி திறந்திருந்தது. கட்டிலில் மச்சினன் கண் மூடிக் கிடந்தான். வந்தது யார் என்று காலடிச் சத்தத்திலேயே தெரிந்துகொண்டவன் போலக் கண்ணைத் திறந்தான்.

கிரேன்காரர் கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். விலகியிருந்த போர்வையை அவன் கால் மேல் இழுத்துவிட்டார்.

மச்சினன்தான் பேசினான், மெதுவாக.

“கூண்டு ஆடவே இல்ல அத்தான்.”